சாப்பாட்டோடு நாலு டிக்கெட்

"வாந்தி எடுக்குறதுக்கு எதுக்கு முன்கூட்டியே காசு கட்டணும்?"

காரைக்கால் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த மீனவர், தன் மனைவியிடம் கேட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில் பிள்ளைகளோடு மறுநாள் தீம் பார்க் போகிறார்களாம்.

"ராட்டினத்துல சுத்துனா சோறு உள்ள நிக்காது. சாப்பாட்டு டிக்கெட் வேணாம். புளிச்சோறு கட்டிட்டுப் போயி, கேட்டுக்கு வெளிய வந்து சாப்பிட்டுக்கலாம்."

"யாரு கட்டுறது?"

"நீதான்."

"தடைக்காலம் உங்களுக்கு. எனக்கு என்னைக்கு லீவு? போட்டுல எட்டு பேருக்கு நீங்கதானே சமைக்கிறீங்க? விடியக்காலம் எந்திரிச்சு நீங்களே புளிச்சோறு கிண்டுங்க."

கிளிஞ்சல்மேடு நிறுத்தம் நெருங்கியது. அவர் டிக்கெட் பதிவு செய்யப் போனை எடுத்தார்.

"சாப்பாட்டோட எத்தனை டிக்கெட்?"

"நாலு. நான் உக்காந்து சாப்பிடுறத ஒரு போட்டோவும் எடுங்க."