சீனியின் பஸ்ஸுக்கு வெட்டிய பலகை

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்பு நலச்சங்கச் செயலாளர் அவர்களே! எங்கள் குடும்பத்துப் பற்களை ஒவ்வொன்றாக அறிந்து வைத்திருக்கும் பல் டாக்டர் அவர்களே! என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய பணிமனையின் மேலாளர் அவர்களே! நாற்காலி கிடைத்து அமர்ந்திருப்பவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்பவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தச்சனின் வணக்கம்.

இதையெல்லாம் நான் முன்பே சொன்னேன். இப்படி ஒரு கூட்டம் கூடும், நாற்காலி போதாது, ஆயிரம் பேர் அழுவார்கள் என்று நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்பே சொன்னவன் நான். அப்போது என் தங்கைக்கு ஏழு வயது. குளிக்கிற சோப்பை எடுத்து, கரண்டிக் காம்பால் சுரண்டி, ஒரு மீன் செய்தாள். செதில், வால், முறைக்கிற கண், எல்லாம் இருந்தது. புது சோப்பு போச்சே என்று அம்மா அடிக்க வந்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன். "அடிக்காதீங்கம்மா! இவளப் பத்தி ஒரு நாள் மைக் வச்சுப் பேசுவாங்க. நான்தான் பேசுவேன்!" என்றேன். சொன்னேனா இல்லையா?

மூன்றாவது வரிசையில் என் மனைவி தலையை ஆட்டுகிறாள். அந்த ஆட்டத்துக்கு 'ஆமாம்' என்று பொருள் எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஒன்றுதான் நான் சொல்லாதது. என்னை முந்திக்கொண்டு போவாள் என்று சொல்லவில்லை. ஆறு வயது மூத்தவன் நான் நிற்கிறேன்; வரிசை தெரியாமல் போய்விட்டாள்.

படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "இது யாருங்க?" என்று வாசலில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவளை யார் அந்தப் பெயரில் கூப்பிட்டார்கள்? எல்லோருக்கும் அவள் சீனிதான். சீனி அக்கா, சீனி அத்தை, சீனி மேடம். ஆனால் நம் செயலாளர் நோட்டீசில் என்ன போட்டிருக்கிறார்? 'இல்லத்தரசி' என்று போட்டிருக்கிறார். ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் வன்மையாகக் கண்டிக்கிறேன்! நாலடிக்கு ஆறடி சமையலறையில், ஒரு சின்ன ஓவனை வைத்துக்கொண்டு, இருபத்து நான்கு வருடத்தில் ஐந்நூறு கேக் செய்தவளுக்கு அது போதுமா? இந்த மேடையிலேயே பட்டம் தருகிறேன். இனிப்புச் சிற்பி சீனி அவர்கள்! கை தட்டலாம். இரங்கல் கூட்டத்தில் தட்டக்கூடாது என்பார்கள், அவளுக்குத் தட்டலாம்.

"நூத்தி இருபதுகூட இருக்காதுங்க" என்கிறாள் என் மனைவி. சரி, நூற்றிருபது. நூற்றிருபதும் தின்றவர்களுக்கு ஐந்நூறாகத்தான் தெரியும்.

முதல் கேக் அவள் மகளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு. அந்த மகளை இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். இருபத்தொன்பது வயதாகிறது, மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், இதோ முன்வரிசையில் அப்பா பக்கத்தில் இருக்கிறாள். பாப்பா ஆமை வேண்டும் என்றாள். சீனி ஆமை செய்தாள். ஓவனை நேரத்துக்கு முன்னால் திறந்துவிட்டாள் போல. நடு முதுகு பொத்தென்று உள்ளே போய்விட்டது. சீனிக்குக் கண்ணில் தண்ணீர். நான் போய்ப் பார்த்தேன். "குழி விழுந்தா குளம்னு சொல்லிடு. ஆமைய தனியா சின்னதாச் செஞ்சு குளத்துல விடு" என்றேன். நீலக் க்ரீமில் குளம், அதில் ஆமை! பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அன்றைக்கே அவளுக்குக் கண் திறந்துவிட்டது. திறந்தது யார்?

"அது அவளே யோசிச்சது. நீங்க தூங்கிட்டிருந்தீங்க" என்று மூன்றாவது வரிசையிலிருந்து திருத்தம் வருகிறது. குறித்துக்கொள்கிறேன்.

அவளுடைய வேலைமுறை எப்படி? கடைக்காரர்கள் "என்ன டிசைன் வேணும்?" என்று கேட்பார்கள். சீனி அப்படிக் கேட்கவே மாட்டாள். யாருக்குக் கேக்கோ அவர் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவாள். அந்த ஆள் நாள் முழுக்க எதைத் தொடுகிறார் என்று பார்ப்பாள். அதையே செய்து, கையில் கொடுத்து, வெட்டச் சொல்வாள். தையல்காரருக்கு மெஷின். கணக்கு டீச்சருக்கு சிவப்பு மையால் திருத்திய விடைத்தாள். டீச்சர் அந்தக் கேக்கிலும் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். பிசைந்த சர்க்கரை மாவில் போர்த்துவாள். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. எட்டாம் வகுப்போடு நின்ற என் வாயில் அது நுழையாது, கேக் நுழைந்தது.

மேடையில் இருக்கிறாரே பல் டாக்டர், அவருக்கு ஐம்பது வயதானபோது என்ன செய்தாள் தெரியுமா? முழுப் பல் வரிசை! மாதிரிக்கு எங்கே போவது? மாப்பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, ஒவ்வொரு பல்லாகச் செய்தாள். மூன்று நாள். அந்த மூன்று நாளும் மாப்பிள்ளை பேசவில்லை. மற்ற நாளிலும் அவர் பேசுகிறவர் இல்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கேக்கைத் திறந்ததும் டாக்டர் குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கத்தினாரே பாருங்கள்: "இந்த வாய எனக்குத் தெரியுமே! கீழ இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல்லு, பாதி உடைஞ்சது! ரெண்டு வருஷமா வரச் சொல்றேன், ஆளக் காணோம்!" மறுநாளே மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார். கேக்கைப் பார்த்து வைத்தியம் செய்த டாக்டர் உலகத்தில் இவர் ஒருவர்தான்!

இதில் என் பங்கு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். கேக் எதன் மேல் நிற்கிறது? பலகை மேல். பலகை யாருடையது? நூற்றிருபதுக்கும் பலகை வெட்டியவன் நான். என் மகன் கப்பல் வேலைக்குப் போனபோது சீனி கப்பல் கேக் செய்தாள். நாலடிக்கு மூன்றடி கேட்டாள். நாலடிக்கு மூன்றடி வெட்டினேன். கப்பல் தயார். கீழே கூடத்துக்கு எடுத்துப் போகவேண்டும். வாசல் போதவில்லை! சாய்த்தால் புகைக்கூண்டு விழுந்துவிடும். கதவைக் கழற்றினேன், போதவில்லை. நிலையையும் பெயர்த்தேன். கப்பல் புறப்பட்டுவிட்டது, மாப்பிள்ளை வீடு இரண்டு நாள் கதவில்லாமல் கிடந்தது. அதற்கு என்னைத் திட்டினார்கள். நியாயமா? என்னிடம் பலகையின் அளவைக் கேட்டார்கள். வாசலின் அளவை யார் கேட்டார்கள்?

நான் பேச்சில் கொஞ்சம் சேர்த்துப் போடுவேன். இது இந்த அரங்கத்துக்கே தெரியும். ஆனால் ஒன்று: மரத்தில் பென்சில் வைத்துக் கோடு போட்டால், அந்தக் கோட்டில் நான் நூலளவு பொய் சொன்னதில்லை.

இப்போது மனதைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொண்டு ஒரு சங்கதி சொல்கிறேன்.

போன வருடம் எனக்கு அறுபது நிறைந்தது. தச்சனுடைய கருவிப் பெட்டி செய்தாள் சீனி. ரம்பம், சுத்தியல், அளவு நாடா! நாடாவில் எழுதியிருந்த எண்களை நான் சரிபார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. சுற்றிலும் இழைப்புளியில் விழுகிற மரச்சுருள். அந்தச் சுருளைக் க்ரீமில் பிழிந்தது பாப்பா. மருந்துக்கடையில் சொட்டுப் பிசகாமல் அளந்து ஊற்றுகிறவள்தான். க்ரீம் பையைக் கையில் எடுத்தால் மட்டும் அவளுக்கு ஒரு குஷி வந்துவிடும், நிறுத்தத் தெரியாது. சுருள் சுருளாகப் பலகையைத் தாண்டி, மேசையைத் தாண்டி, டாக்டருடைய ஷூ மேல் விழுந்தது. சீனி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "உன் கைக்கு அளவே கிடையாதாடி? பலகைக்குள்ள நிக்கத் தெரியாதா?"

அரங்கமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் யார்? நான்தான்.

பாப்பா சிரித்துக்கொண்டே பையைக் கழுவுதொட்டியில் போட்டாள். அதற்குப் பிறகு பதினோரு மாதம் அம்மாவின் சமையலறைக்குள் அவள் கால் வைக்கவில்லை. வீட்டுக்கு வருவாள், கூடத்தில் உட்காருவாள், அம்மாவோடு நன்றாகப் பேசுவாள். அம்மா கேக் செய்கிற சத்தம் கேட்டால், "கடையில வேலை இருக்கும்மா" என்று கிளம்பிவிடுவாள். ரெண்டு பேரும் ஒரே வார்ப்பு. ஒருத்தி கூப்பிடமாட்டாள், ஒருத்தி கேட்கமாட்டாள்.

வருகிற இருபத்தெட்டாம் தேதி மாப்பிள்ளை ஓய்வு பெறுகிறார். அவருக்கு என்ன கேக் என்று நான் சொல்லவேண்டுமா? பஸ்! அவர் ஓட்டுகிற அதே பஸ். இடது கண்ணாடியில் கீறல் உட்பட. வியாழக்கிழமை மூன்று அடுக்கு கேக் சுட்டு, பொதிந்து, ஃப்ரீசரில் வைத்தாள். சனிக்கிழமை காலை மயங்கி விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அந்த மூன்று அடுக்கும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் பஸ் படம் ஒட்டியிருக்கிறது. "எடுத்துப் போட்டுடலாம் மாமா, என்னால பார்க்க முடியல" என்று முந்தாநாள் பாப்பா சொன்னாள். மாப்பிள்ளையோ ஃப்ரீசரைத் திறக்கிறார், பார்க்கிறார், மூடுகிறார். ஒரு நாளைக்கு எத்தனை தரம்? நான் எண்ணிவிட்டேன், இந்த எண்ணிக்கையை மட்டும் கூட்டிச் சொல்லமாட்டேன். ஒன்பது தரம்.

சபையோரே! அந்தப் பஸ் நின்றுபோகலாமா? முப்பத்தொரு வருடம் ஒரு நாளும் வழியில் நிற்காமல் ஓட்டிய மனிதருடைய பஸ், ஃப்ரீசரில் நின்றுபோகலாமா? போகாது! ஏனென்றால் ஆஸ்பத்திரியில், கடைசி நேரத்தில், சீனி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, பஸ்ஸ பாப்பா ஓட்டட்டும். என் பை, என் கத்தி, என் ஓவன், எல்லாம் அவளுக்குத்தான்." சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அந்தச் சொல்லைக் காப்போம்! இருபத்தெட்டாம் தேதி அந்தப் பஸ் இந்தக் கூடத்துக்கு வந்தே தீரும் என்று உறுதி ஏற்போம்! சர்க்கரை சலிக்க என் மனைவி இருக்கிறாள், க்ரீம் அடிக்க டாக்டர் இருக்கிறார், பலகைக்கு நான் இருக்கிறேன்...

என்னம்மா பாப்பா? எழுந்து நிற்கிறாய். சொல்லு, மைக் வேண்டாம், கேட்கிறது.

"மாமா, நான் அங்கயேதான இருந்தேன். அம்மா மூஞ்சில மாஸ்க் போட்டிருந்தாங்க. நீங்க வரும்போது நினைவே இல்ல. அம்மா எங்க மாமா அப்படிச் சொன்னாங்க?"

உட்காரும்மா. இல்லை, நில். நின்றுகொண்டே கேள்.

சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது நான் கட்டியது. இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரு பெரிய வசனம் வேண்டும் என்று நினைத்துவிட்டேன். ஏனென்றால் உண்மையில் அவள் சொன்னது ரொம்பச் சின்னது. வெறும் பலகை அளவு. அதை மைக்கில் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்தாள். "அண்ணே, பஸ்ஸுக்குப் பலகை. மூணடி நீளம், ஒன்னேகால் அடி அகலம். அதுக்கு மேல சுத்தி ரெண்டு அங்குலம் கூட விட்டு வெட்டு" என்றாள்.

"ரெண்டு அங்குலம் எதுக்கு? நீ ஓரத்துல கச்சிதமா நிப்பாட்டுறவளாச்சே" என்றேன்.

"நான் நிப்பாட்டுவேன். பாப்பா எங்க நிப்பாட்டுவா?"

"அவ வர்றேன்னு சொல்லிட்டாளா?"

"நான் இன்னும் கேக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை வருவால்ல, அப்பக் கேக்கணும். நீ வெட்டி வை. அவ கைல தப்பில்லண்ணே, பலகைதான் சின்னதாப் போச்சு."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஆரம்பத்திலிருந்து என் காலடியில் பேப்பர் சுற்றிச் சாய்த்து வைத்திருக்கிறேனே, இதுதான் அந்தப் பலகை. பிரிக்கிறேன். டாக்டர், இந்த முனையைப் பிடியுங்கள். என் சட்டைப்பையில் நாடா இருக்கிறது; பாப்பா, நீயே வந்து அளந்து பார். மூன்றடி, ஒன்றேகால் அடி, சுற்றிலும் இரண்டு அங்குலம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் என்றது என் சரக்கு. இந்த இரண்டு அங்குலம் அவள் சொன்னது.