கல்லடி உயிர்களுக்காக மெல்ல எழுந்த மதகு

பெருமதிப்பிற்குரிய மீன்வள ஆய்வாளர் திரு. அ. சூசை அவர்களே! அணையின் கீழே முழங்கால் நீரில் நின்று, கல் புரட்டிக் கல் புரட்டியே பணிக்காலத்தைக் கழித்த பெருந்தகையே! வணக்கம்.

அணை கட்டியபின் கீழாற்றில் நீர் கசிவாகவே ஓடியது. கற்களில் பாசி தடிப்பாகப் படர்ந்தது. நத்தையும் சிவப்புப் புழுவும் பெருகின. கல்லடியில் ஒட்டி வாழும், மீன்குஞ்சுகள் விரும்பித் தின்னும் மூன்று வால் பூச்சிகள் மறைந்தன. அந்தக் கடுகளவு உயிர்கள் போனால் கெண்டையும் போகும், வலைக்காரர் பிழைப்பும் போகும் என்று கண்டு, ஆண்டுக்கொருமுறை வெள்ளம்போல் நீர் விட்டு ஆற்றைக் கழுவ அனுமதி பெற்றவர் தாங்கள்.

முதலாண்டு நம் வழக்கமே குறுக்கே நின்றது. மதகில் பூசை போட்டு, கற்பூரம் அணைவதற்குள் ஷட்டரை முழுவதும் தூக்கிவிடுவோம். நல்ல நேரம் தப்பக் கூடாது. அன்றும் அப்படியே தூக்கினோம். பாசி போனது, ஒதுங்க அவகாசமின்றிப் பூச்சிகளும் போயின. அந்தப் பருவம் வலைகள் வெறுமையாக வந்தன.

"ஆத்தைக் கழுவறேன்னு எங்க சோத்துச் சட்டியைக் கழுவிட்டீங்களே, சாரு!" என்று மீன் விற்கும் பாப்பம்மா அலுவலக வாசலில் நின்று கேட்டார். இன்னொரு முறை இப்படியானால் நீர் விடுவதையே நிறுத்துவதாகப் பொறியாளர் சொல்லிவிட்டார்.

மறு ஆண்டு பூசாரி வெங்கடப்பனிடம் தாங்களே போனீர்கள்.

"பூசை நேரத்துக்கு ஆவட்டும். தண்ணி மட்டும் கொஞ்சங்கொஞ்சமா போவட்டும்."

"இன்னா சார், பூச்சிக்கெல்லாமா நேரம் பாக்கறீங்க?"

"நீ ஆத்தாளுக்குப் பாரு, வெங்கடப்பா. நான் அவ புள்ளைங்களுக்குப் பாக்கறேன்."

பூசாரி சிரித்துவிட்டார். கற்பூரம் அணைந்த பின்னும், மதகை இயக்கும் என் கணவர் திம்மராயன் ஷட்டர் சக்கரத்தை விரற்கடை விரற்கடையாகச் சுற்றினார். மூடும்போதும் அவ்வாறே, பூச்சிகள் காய்ந்த கல்லில் சிக்கிவிடக் கூடாதல்லவா!

நீர் வடிந்தபோது கற்களில் அதிகம் எதுவும் இல்லை. நாங்கள் கலங்கினோம். "கொஞ்சம் அடிச்சுக்கிட்டுத்தான் போவும். மிஞ்சினது பெருகணும், பொறுங்க" என்றீர்கள்.

காய்ச்சல் பொறுக்கவில்லை, திம்மராயனைக் கொண்டுபோயிற்று. காரியம் முடிந்த மறுவாரம், நீர் நிறைந்த வாளியில் ஒரு கல்லோடு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். கல்லைப் புரட்டினீர்கள். அடிப்பக்கமெங்கும் மூன்று வால் பூச்சிகள் நெளிந்து நகர்ந்தன. "திம்மராயன் விட்ட தண்ணிம்மா" என்றீர்கள். வேறு ஆறுதல் சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் அதை ஆற்றிலேயே விடவேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டீர்கள்.

அந்தப் பருவம் வலைக்கு மீன் வந்தது. இனி ஷட்டர் மெல்லவே எழும் என்று பொறியாளர் உத்தரவிட்டுவிட்டார். மீறினால் கேட்கப் பாப்பம்மா இருக்கிறார்.

அன்பரே! பணி ஓய்வு பெற்றுச் செல்லும் தாங்கள் கெலமங்கலம் இல்லத்தில் துணைவியார் மேரிராணி அம்மையாரோடு நோயின்றி நெடுநாள் வாழ்வீராக! திறப்பு நாளன்று மட்டும் பஸ் ஏறி வந்துவிடுங்கள். கரையில் நாற்காலி போட்டு வைப்போம். தாங்கள் உட்காரப் போவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

1969
அணைப் பணியாளர்கள் அனைவர் சார்பிலும்,
தி. முனிலட்சுமி, எழுத்தர்