ஹொலி மரத்துக் குருவி

— உது நீர் தேடிப்போன குருவியின்ரை செடி இல்லையப்பா. றோட்டுக்கரை முழுக்க நீலமாய்ப் பூத்துக் கிடந்ததெல்லாம் ஹைட்ரேஞ்சியா. அது அந்தத் தீவுக்குரியது இல்லை, ஜோசப்பின். ஆரோ கொண்டுவந்து நட்டது.

— வடிவாய்த்தானே இருந்தது.

— வடிவுதான். ஆனால் அந்த எரிமலை மண்ணிலை முதல் வந்தது வேறை மரங்கள். நத்தாருக்குக் கட்டுற ஹொலி இருக்கெல்லே, அதின்ரை காட்டுச்சாதி ஒண்டும் அதுக்கை நிக்குது. உதுகளின்ரை மொட்டும் விதையும் திண்டுதான் அந்தக் குருவி சீவிக்குது.

— அசோர்ஸ் தீவிலை ஒரு கிழமை நிண்டிட்டு வந்து வகுப்பெடுக்கிறியள். நான் முன்னுக்கு நிக்கிற ட்றக்கைப் பாக்கிறதோ, உங்களைக் கேக்கிறதோ?

— நான் காரை ஓடட்டோ?

— நீங்களோ? கார்த் திறப்பைத் தொட்டு எவ்வளவு காலம்.

— அதுதான் கேக்கிறன்.

— வேண்டாம், இருங்கோ. ஃபோர்-ஓ-வன் ஹைவே அசையுதில்லை. எயார்போட்டிலையிருந்து விட்பிக்கு, வீட்டை போய்ச் சேரப் பொழுதுபட்டிடும். விடிய எனக்கு நேர்சிங் ஹோமிலை டபிள் ஷிப்ற். இடுப்பு இப்பவே விண்விண் எண்டுது.

— அந்த மஞ்சள் இஞ்சிப் பூவும் அப்பிடித்தான். இமயமலைப் பக்கத்துச் செடியாம். காட்டையே மூடிப்போட்டுது. கிழங்கோடை கிண்ட வேணும், இல்லாட்டித் திருப்பி வெடிச்சு வரும்.

— பாத்தன். அந்த கைட் பெட்டை "கிளிபோட், கிளிபோட்" எண்டு கூப்பிட, நீங்கள் முழங்கால் சேறோடை நிண்டு பிடுங்கினதை.

— எங்கடை பக்கத்து ரூஜ் பாக்கிலையும் வந்தேறின கொடியளை ஆக்கள் சேந்து பிடுங்குகினமாம். சனிக்கிழமை போய்ப் பாக்கலாமெண்டு இருக்கிறன்.

— போங்கோ.

— என்ன, சுரத்தில்லாமல் சொல்லுறீர்?

— அலுப்பப்பா. போங்கோ, நல்லது.

— ஒண்டு சொல்லட்டோ. முதல் நாள் உம்மைத் தனிய மலைக்கு விட்டது பிழை.

— அதை விடுங்கோ.

— பக்ரறி பூட்டினாப் பிறகு பேஸ்மென்ற்றிலை கிடந்த மாதிரியே அங்கையும் போர்த்துக்கொண்டு கிடந்திட்டன். நீர் தெப்பமாய் நனைஞ்சு வந்து, "குருவியைக் காணேல்லை, நாளைக்கும் போகோணும், தனியப் போகப் பயமாய்க் கிடக்கு" எண்டனீர். எனக்கு வெக்கமாய்ப் போச்சு.

— ம்.

— அடுத்த நாள் ஏறி இறங்கிக் களைச்சுப் படுத்தன் பாரும், அப்பிடி ஒரு நித்திரை. குளிசையும் போடேல்லை.

— தெரியும். குறட்டை கேட்டது.

— ஆனால் ஒவ்வொரு நாளும் மழையும் பனிப்புகாரும். இவ்வளவு ஆசைப்பட்டுப் போன உமக்கு அதை மட்டும் காட்டேலாமல் போச்சு. வாற வருசம் திருப்பிப் போவம், என்ன?

— குருவிக்காகப் போகத் தேவையில்லை.

— ஏன், காணாமலே விடுறதோ?

— நான் கண்டனான்.

— எப்ப?

— முதல் நாள். பாதை தொடங்கிற இடத்திலையே. கறுப்புத் தொப்பி வைச்ச மாதிரித் தலை. மெல்லமாய் விசிலடிச்சுக்கொண்டு, பயமில்லாமல் கிட்ட இருந்தது.

— பிறகேன் காணேல்லை எண்டு சொன்னனீர்?

— கண்டிட்டன் எண்டு சொல்லியிருந்தால், அடுத்த நாள் நீங்கள் எழும்பியிருப்பியளோ?