எல்லாம் சரி என்றது திரை

எனக்கு இஞ்சி டீ பிடிக்காது, இன்ஸ்பெக்டர். ருமானா போட்டுக் கொடுத்ததால் ஒன்பது வருடம் குடித்தேன். பிரிக்பீல்ட்ஸில், நஜ்முதீன் வக்கீலின் அலுவலகத்தில் கோப்பு, கடிதமெல்லாம் பார்க்கும் கிராணி அவள்தான். நான் அங்கே போட்டோஸ்டேட் மெஷின் பழுதுபார்க்கப் போகிறவன். நல்ல பெண். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் திருச்செல்வம். வீடு கிள்ளானில். கம்பெனியில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். போன வருடம் ஏஐ புரோகிராம் ஒன்று வந்தது. ஒவ்வொரு மெஷினும் தன் சூடு எவ்வளவு, எந்தப் பாகம் தேய்கிறது என்பதையெல்லாம் அதற்குத் தானாகவே அனுப்பிவிடும். எப்போது பழுதாகும் என்று அது முன்கூட்டியே சொல்லும். அது சொன்னால்தான் ஆள் போக வேண்டும். பெரும்பாலும் சரியாகவே சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. ஆறு மாதத்தில் ஐந்து பேரை நிறுத்தினார்கள். அடுத்தது நான்.

மேலாளர் ரமணி மரியாதையாகத்தான் பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. மெஷினே எல்லாம் சொல்லிடுது லா. மாசக் கடைசி வரைக்கும் வாங்க.”

“அது தப்பா சொன்னா?”

“இதுவரைக்கும் சொல்லலையே அண்ணே.”

நியாயமான பதில். அப்படியானால் ஒரு முறை அதைத் தப்பாகச் சொல்ல வைத்தால் போதும் என்று அங்கேயே தோன்றியது.

கடைசி வாரம் ருமானாவின் அலுவலகத்துக்குப் போனேன். மெஷினுக்குள் தாளை அளவாகச் சூடாக்கி மையை ஒட்ட வைக்கும் பகுதி ஒன்று உண்டு. சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்க அதில் ஒரு பாதுகாப்பு இருக்கும். அதைச் செயலிழக்க வைத்தேன். எவ்வளவு சூடானாலும் புரோகிராமுக்கு வழக்கமான அளவே போகும்படியும் செய்தேன். இருபது நிமிட வேலை. ருமானா டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கொஞ்சம் புகை வரும் என்றுதான் நினைத்தேன். புகைந்துகொண்டிருக்கும்போதே புரோகிராம் எல்லாம் சரி என்று காட்டும். கம்பெனிக்குப் புத்தி வரும். அந்த ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிடுவார்கள். எனக்காக மட்டும் செய்ததல்ல.

ஒன்பதாம் நாள் ருமானா என் கைப்பேசிக்கு அழைத்தாள்.

“அண்ணே, மெஷின்லேருந்து கருகின வாடை வருது. கம்பெனிக்குப் போன் பண்ணா ஆளே பேசல, ரெக்கார்டிங்தான் பேசுது.”

“திரையில என்ன காட்டுது?”

“எல்லாம் ஓகேன்னு காட்டுது. ஆனா எனக்குப் பயமா இருக்கு அண்ணே. சுவிட்சை அடைச்சிரட்டா?”

“ஓகேன்னு காட்டுனா ஓகேதான் லா. புதுசா மை மாத்தியிருப்பீங்க, அந்த வாடை. அடைக்க வேணாம்.”

“நீங்க சொன்னா சரி அண்ணே.”

நான் அப்போது பங்சாரில்தான் இருந்தேன். பத்து நிமிடத்தில் போயிருக்கலாம். போய்ச் சரிசெய்திருந்தால் புரோகிராம் தப்பாகச் சொன்னது வெளியே தெரியாமலே போயிருக்கும். அதனால் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. வக்கீலும் மற்ற ஆண்களும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். ருமானா பின்னால் இருந்த கோப்பு அறையில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையிலிருந்து வெளியே வர, எரிந்துகொண்டிருந்த மெஷினைக் கடந்துதான் வர வேண்டும். ஜன்னலில் இரும்புக் கம்பி. அவள் தட்டிய சத்தம் கீழே சாப்பாட்டுக் கடை வரைக்கும் கேட்டதாம். நீங்கள்தான் சொன்னீர்கள்.

தீப்பிடிக்கும் என்று தெரியுமா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். தெரியும். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவனுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும். நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு வரியை மட்டும் சேர்த்து எழுதுங்கள். ஒரு புரோகிராமை நம்பி இருக்காமல், விஷயம் தெரிந்த ஒரு மனிதனிடம் கேட்டிருந்தால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருந்திருப்பாள்.