பத்திரிகை அடிச்சதுக்கா?

“பத்திரிகை அடிச்சதுக்கு அவரு வூட்டையே கொளுத்திட்டாங்கம்மா.”

ஆலங்காயத்திலிருந்து மலையேறும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த தன் அம்மாவிடம் சொன்னாள். கல்லூரியில் பேசப்போவதை ஒப்பித்துப் பார்க்கிறாளாம். அம்மாவின் மடியில் கல்யாணப் பத்திரிகைகள் நிறைந்த பை. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி சொல்ற? அங்கயும் மாப்ள வேற சாதியா?”

“ஐயோ, கல்யாணப் பத்திரிகை இல்லம்மா, நியூஸ் பேப்பர். அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பஸ்ல பின்னாடிதான் குந்தணும்னு சட்டம் இருந்துச்சு. இவரும் கறுப்புதான். தப்புன்னு எழுதிப் பேப்பர் அடிச்சாரு.”

“உசுரு பொழச்சாரா?”

“பொழச்சாரு. அந்தச் சட்டத்த எடுத்த சேதியையும் அவரே அடிச்சாரு.”

“அப்பாடா.”

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெரியவர் ஏறினார். அவரைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிய அம்மா, கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஒரு பத்திரிகையை நீட்டினாள்.

“பெரியப்பா, பெரியவளுக்குக் கல்யாணம். மாப்ள வேற சாதிங்க. அவசியம் வந்துடுங்க.”

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“ஊருக்கே தெரியுமே. எனக்கு எப்ப பத்திரிகை வப்பன்னுதான் பாத்துனு இருந்தேன்.”