ஆரஞ்சு ஞானவேலு

ஆமாங்க, மகளுக்குக் கல்யாணம். இன்னைக்குத்தான், கொடைக்கானல் ரிஜிஸ்டர் ஆபீசுல. அதான் புது வேட்டி. கண்டக்டர் ஆரஞ்சுன்னு கூப்பிட்டது என்னையத்தான். பேரு ஞானவேலு, ஆனா இந்தப் பூம்பாறை பஸ்ல அப்பிடிச் சொன்னா யாரும் திரும்பக்கூட மாட்டாக. பழ யாவாரமெல்லாம் இல்லங்க. ரூம் புரோக்கரு.

சோலிக்கு வந்த புதுசு. ஏரிப்பக்கம் ஒரு வடநாட்டுக்காரரு குடும்பத்தோட நின்னுக்கிட்டு, ரூம் அரேஞ்ச், ரூம் அரேஞ்ச்னாரு. நமக்குத் தெரிஞ்ச ஆரஞ்சு மரத்துல காய்க்கிறதுதான? வெரசா ஓடிப்போயி ஒரு பை வாங்கியாந்து நீட்டுனேன். சிரிங்க, சிரிங்க, ஊரே சிரிச்சிருச்சு. அந்தம்மா ஒண்ண உரிச்சுத் தின்னுட்டு மூஞ்சியச் சுளிச்சது பாருங்க, அதான் எனக்கு ஆறல.

பெறகு அந்த வார்த்தைய நான் விடலையே. ஜீப்பா, அரேஞ்ச். வெந்நீரா, அரேஞ்ச். மக சுசித்ராவுக்குப் பழநில ஒரு மாப்பிள்ளையும் அரேஞ்ச் பண்ணேன். அவ, கூட வேல பாக்குற பையனத்தான் கட்டுவேன்னுட்டா. சாதி வேறங்க. சொந்தக்காரவுகளயெல்லாம் கூட்டியாந்து உக்கார வச்சுப் புத்தி சொன்னேன்.

அவ இங்கிலீசு டீச்சரு. யப்பா, அரேஞ்ச்னா என்னன்னு தெரியுமான்னு கேட்டா. பழைய பிரெஞ்சு வார்த்தையாம். சண்டைக்குப் போற ஆளுகள வரிசையா நிறுத்துறதுக்குத்தான் அப்பிடிச் சொன்னாகளாம். நீயும் அதத்தானப்பா செஞ்சிருக்கேன்னு, உக்காந்திருந்த எல்லாரையும் ஒரு பார்வ பாத்தா. பட்டாளத்து வார்த்தைய வச்சுக்கிட்டு இத்தன வருசமா போர்வையும் பக்கெட்டும் கேட்டுத் திரிஞ்சிருக்கேன் பாருங்க.

அப்புறமென்ன. நிறுத்துன படையிலருந்து மொத ஆளா மக பக்கம் ஓடியாந்தது நாந்தேன். மத்தவுக அப்பிடியே நிக்கிறாக. எறங்கி வரல.

எங்கக்கா கந்தம்மா மட்டும் வாரேன்னு சொல்லியிருந்துச்சு. வெள்ளனே போயிக் கதவத் தட்டுனேன். உள்ள ரேடியோ பாடுது, கதவு தொறக்கல.

மாப்பிள்ள பக்கம் சாட்சிக்கு ஒருத்தரு இருக்காரு. எங்க பக்கம் என்னையத் தவிர இன்னொரு கையெழுத்து வேணுமாம். ஏங்க, நீங்க இன்னைக்குச் சும்மா ஊர் சுத்திப் பாக்கத்தான போறீங்க? ஆதார் கார்டு கையில வச்சிருக்கீங்களா?