சாயச் சட்டி

பொம்மைக்கு முகம் வைப்பது லேசான வேலை, சேர். இரண்டு கண், ஒரு பொட்டு, சிரிக்கிற மாதிரி ஒரு சிவப்பு நூல், முடிந்தது. கைதான் உயிரை வாங்கும். வாக்குமூலத்தை நீங்கள் சிங்களத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் சிங்களம் வரும், ஆனால் இதைத் தமிழில் சொன்னால்தான் கோர்வையாக வரும். உடம்பும் அசதியாக இருக்கிறது, அதனால் மெதுவாகத்தான் சொல்வேன்.

என் பெயர் செலினா. கித்துல்கலைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகள் உள்ள லயத்தில் இருக்கிறோம். ஆற்றில் படகு விட வருகிற வெள்ளைக்காரர்களுக்காக லயத்துப் பெண்கள் சேர்ந்து துணிப் பொம்மை செய்கிறோம். முதுகில் கூடை மாட்டித் தேயிலை பறிக்கிற கொழுந்துக்காரி. அவள் விரல்கள் ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பிடித்திருக்கும். அந்த விரலைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். துணியைக் கை வடிவில் தைத்து, தென்னை ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விரலாக உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, பஞ்சு சுற்றிய கம்பியை நுழைக்க வேண்டும். ஒரு விரல் நெல்மணியை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதைப் பிய்ந்து போகாமல் புரட்டக்கூடியவள் எங்களில் ஒருத்திதான். என் தங்கை சரோன்.

அவள் கைகளை வளர்த்தது நான். அம்மா செத்துப்போனபோது அவள் தொட்டிலில் கிடந்தாள். நான் றப்பர் மரத்தில் பால்வெட்டப் போனேன். என் கையைப் பாருங்கள், கத்தி பிடித்துப் பிடித்து விரல் நிமிராது. அவளுக்கு இப்படி ஆகக் கூடாது என்று கத்தியைத் தொடவே விடவில்லை. விறகு உடைக்க விடவில்லை. பால் உறைய வைக்கிற ஸ்டோர் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடவில்லை. "செலினா தங்கச்சிய மகாராணி மாதிரில வச்சிருக்கா" என்று லயத்தில் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

பிறகு மெல்வின் வந்தான். வரக்காப்பொலயில் ஒரு பேக்கரியில் வேலை. நல்ல பையன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முறையாக வந்து கேட்டான், நானும் சரி என்றேன். எங்கள் கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை சொல்ல யாராவது இருந்தால் அதற்குள் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு ஞாயிறும் நான் முன் வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்டேன். என்ன தடை சொல்வேன்? இவள் போனால் பொம்மைக்குக் கை இல்லை, நான் மறுபடி பால்வெட்டப் போக வேண்டும், வீட்டில் வாய் திறந்து பேச ஆள் இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்றா? ஃபாதர் அதையெல்லாம் தடை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்.

நீ போனால் நான் என்ன செய்வேன் என்று சரோனிடம் கேட்டுப் பார்த்தேன்.

"கை செய்யிறத நம்மகூட தைக்கிற றமீலாவுக்குக் காட்டிக் குடுத்துட்டுத்தானே போறேன். நீ ஏன்க்கா கவலப்படுற?" என்றாள்.

அவள் பொம்மைக் கையைப் பற்றிப் பேசினாள். நான் கேட்டது அதை இல்லை.

பொம்மையின் தோல் நிறத்துக்கு வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போடுவோம். சாயம் நிற்பதற்கு, ஊறுகாய்க்கு ஊற்றுகிற புளித்த வினாகிரி ஊற்றுவோம். ஒரே சீராகப் பிடிக்க வேண்டுமென்றால் துணியைச் சட்டிக்குள் கையால் அமுக்கிப் பிசைய வேண்டும். அது எப்போதும் சரோனின் வேலை. றப்பர் பாலை உறைய வைக்கிற அசிட்டும் கிட்டத்தட்ட வினாகிரி மாதிரித்தான் மணக்கும். தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் முகர்ந்தவுடன் இது வேறு என்று சொல்லிவிடும். சரோனுக்கு மட்டும் தெரியாது. நான்தான் அவளை அந்தப் பக்கமே விட்டதில்லையே.

ஸ்டோரில் வேலை செய்கிற தேவதாசன் அண்ணனிடம் அசிட் கேட்டேன். வாசலில் பாசி வழுக்குகிறது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்றேன். நம்பிக் கொடுத்தார். வினாகிரிப் போத்தல் மாறிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், நீங்கள் அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். போத்தல் மாறவில்லை. சட்டியில் ஊற்றியது நான்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. சரோன் சட்டிக்குள் கையை விட்டாள்.

"அக்கா, எரியுதுக்கா."

"புது வினாகிரி அப்புடித்தான் கடிக்கும். கொஞ்சம் பொறுத்துக்க, சாயம் புடிக்கட்டும்."

பொறுத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டாள். கண்ணில் நீர் வழிய என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவள் கையை வெளியே எடுத்தது நான்தான். தண்ணீர் ஊற்றியதும், ஆட்டோ பிடித்ததும் நான்தான். அதையும் எழுதுங்கள்.

கொஞ்ச நாள் புண்ணாக இருக்கும், கல்யாணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இல்லை, அதை வெட்டிவிடுங்கள். எத்தனை வருஷம் அந்த ஸ்டோரில் வாளி தூக்கியிருக்கிறேன். அது கையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிப்போகும், இனி நிமிராது என்று டொக்டர் சொன்னார். மெல்வின் ஓடி வந்தான். "கை போனா என்னக்கா, நான் பாத்துக்குவேன்" என்றான். மூன்றாவது ஓலையையும் வாசிக்கச் சொல்லிவிட்டான். அப்போதுதான் முதன்முதலாக எனக்கு அவன் மேல் கோபம் வந்தது.

சரோன் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"ஒனக்கு அந்த வாசம் தெரியுமேக்கா."

அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். வலியில் அப்படிச் செய்கிறாள், பாவம்.

அவ்வளவுதான், சேர். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் பின்னேர பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். அவளுக்குச் சோறு ஊட்ட வேண்டும், தலை சிக்கெடுத்துப் பின்ன வேண்டும். மெல்வினுக்கு அதெல்லாம் தெரியாது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?